போர்ப்படமும் மேடை வசனமும்

சயாம் மரண ரயிலைப் படமாக்க முனைவோர், நடிகருக்கு மேடைத்தமிழை மனனஞ்செய்வித்தே தீரவேண்டுமென்று வாதிடுவோர் உளர். அவ்வாதம் பொருந்தாது.

1942-43-இல் 415 கிலோமீட்டர் நீளப் பாதையமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1957-இல் வந்த ‘குவாய் ஆற்றுப் பாலம்’ ஆங்கிலேயப் போர்க்கைதிகளின் கதையையே பேசிற்று. தோட்டத் தமிழனை மறந்தது. தமிழரே அவன் வாயில் அடுக்குமொழியைத் திணிப்பின், அவனை இரண்டாம் முறை ஊமையாக்கியவராவர்.

1966-இல் வெளிவந்த ‘அல்ஜியர்ஸ் போர்’ படத்தின் இயக்குநர் பொன்டேகோர்வோ, நடிப்புத் தொழிலறியாத மக்களையே பெரும்பாலும் நடிக்கவைத்தார். அவ்விடுதலைப்போரில் தலைமையேற்றோருள் ஒருவரான சாதி யாசெப், தம் வாழ்வையொத்த பாத்திரத்தைத் தாமே ஏற்றார். செய்திப்படத் துணுக்கு ஒன்றேனும் சேராத அப்படம், செய்திப்படமெனவே காண்போரை மயங்கவைத்தது.

எழுதிவைக்காத பேச்சு கலையாகுமா என்பர். தெருக்கூத்தின் கட்டியங்காரன் அவ்வப்போது தோன்றும் சொல்லால் அவையை ஆள்கின்றானே! கதையை முற்றக் கற்றதனாலன்றோ அது கைகூடுகிறது? கிள்ளான் தோட்டத்தாரின் பேரர்களும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே ஊழியர் வழிவந்தோரும் அவ்வரலாற்றை முதலில் கற்கட்டும். பின்னர், இயக்குநர் காட்சியின் நிலையை மட்டும் உரைக்கட்டும். சொல் அவர்தம் நாவில் பிறக்கட்டும். ஒப்பனையற்ற அக்குரலே மாண்டோர்க்குச் செலுத்தவேண்டிய கடன்.