இரண்டாவது ஆள் எப்போது வந்தார்?

காலை நிகழ்ச்சியில் நான் குரலை உயர்த்தி வாசிக்கும் சொல் ஒன்று உண்டு: 'முதல்'. முதல் பெண் விமானி, இந்தப் பதவிக்கு வந்த முதல் தமிழர். வாசித்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டுவிடுவேன். ஃபிரிட்ஸ் போலார்டைப் பற்றிப் படித்த பிறகு, அவ்வளவு சுலபமாகப் பாட்டுக்குத் தாவ முடிவதில்லை.

போலார்ட் அமெரிக்கக் காற்பந்து விளையாட்டாளர். நம்மூர் காற்பந்து இல்லை; பந்தைக் கையில் ஏந்தி ஓடுபவரை எதிரணியினர் மேலே பாய்ந்து மடக்கும் ஆட்டம். 1894-இல் சிகாகோவில் பிறந்த இவரின் எடை சுமார் 75 கிலோதான். ஆனால் ஓட்டத்தில் புலி. 1916-இல் 'ரோஸ் போல்' ஆட்டத்தில் களமிறங்கிய முதல் கறுப்பினத்தவர் இவர்தான்.

1919-இல் ஒஹாயோ மாநிலத்தின் ஏக்ரன் குழுவில் சேர்ந்தார். இன்றைய என்எஃப்எல் லீக் 1920-இல் பிறந்தது. அந்த முதல் பருவத்திலேயே ஏக்ரன் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது. மறு ஆண்டு, விளையாடிக்கொண்டே குழுவின் பயிற்றுநராகவும் ஆனார். லீக்கின் முதல் கறுப்பினப் பயிற்றுநர்!

பெருமைதான். ஆனால் ஏக்ரனில், குழு உரிமையாளரின் சுருட்டுக் கடையில்தான் உடை மாற்ற வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். களத்தில் விழுந்தால் வேண்டுமென்றே மேலே விழுந்து மிதிப்பார்கள். அதனால் விழுந்ததும் மல்லாந்து படுத்து, ஆணிக் காலணி போட்ட கால்களை மேலே தூக்கிக்கொள்வாராம்.

1926-உடன் அவரது லீக் வாழ்க்கை முடிந்தது. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின விளையாட்டாளர்கூட இல்லை. போலார்ட் சும்மா இருக்கவில்லை. கறுப்பின விளையாட்டாளர்களைச் சேர்த்துத் தனிக் குழுக்கள் அமைத்தார். நியூயார்க்கில் செய்தித்தாள் நடத்தினார்.

அடுத்த கறுப்பினத் தலைமைப் பயிற்றுநராக ஆர்ட் ஷெல் வந்தது 1989-இல். முதல் ஆளுக்கும் இரண்டாவது ஆளுக்கும் நடுவே 68 ஆண்டுகள்! அதைப் பார்க்க போலார்ட் இல்லை. 1986-இல், தம் 92-ஆவது வயதில் காலமாகிவிட்டார். புகழ்மன்றத்தில் அவர் பெயர் சேர்ந்ததும் 2005-இல்தான்.

கதவு ஒருமுறை திறந்தால் திறந்தே இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அது திரும்பவும் சாத்தப்படலாம். சாத்தியவர்களோ, "நாங்கள்தான் ஒருவரை உள்ளே விட்டோமே" என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போதெல்லாம் நேர்காணலுக்கு ஒரு 'முதல்' ஆள் வந்தால், கூடுதலாக ஒரு கேள்வி கேட்கிறேன்: "உங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள்?" அண்மையில் ஒருவர் சிரித்துவிட்டு, பிறகு சில விநாடிகள் பேசவே இல்லை.

உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ அப்படி ஒரு 'முதல்' ஆள் இருந்தால், வாழ்த்துங்கள். கூடவே அந்தக் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள்.