அந்த அரை மணித்தியாலம்



எங்கட தெருவிலும் சரி, பள்ளிக்கூடத்திலும் சரி, "ரீச்சர், தைரொயிட்டுக்கு என்ன சாப்பிடலாம்?" என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். தனித்தனியே சொல்லி முடியவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியர் இல்லை. எட்டு வருடமாக இந்த வருத்தத்தோடு இருக்கிறவள், அவ்வளவுதான்.

கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில்தான் இது தொடங்கியது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. எல்லோரும் வெயிலில் வேர்க்க, எனக்கு மட்டும் குளிர்ந்தது. படிப்புக் களைப்பு என்று விட்டுவிட்டேன். கடைசியில் ரத்தம் சோதித்தபோது ரி.எஸ்.எச். கூடியிருந்தது, தைரொயிட்டுக்கு எதிரான பிறபொருளெதிரிகளும் இருந்தன. இதை ஹஷிமோட்டோ நோய் என்கிறார்கள். 1912 இல் இதை முதலில் விவரித்து எழுதிய ஜப்பானிய வைத்தியர் ஹகாரு ஹஷிமோட்டோவின் பெயர் அது. கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய எங்கள் நிர்ப்பீடனமே எங்கள் தைரொயிட் சுரப்பியைத் தாக்கி, மெல்ல மெல்லப் பழுதாக்கிவிடும்.

"உப்பை மாத்திப் பாருங்கோ" என்று எனக்குச் சொன்னவர்கள் பலர். இலங்கையில் 1995 முதல் சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயம். எங்களுடைய பிரச்சினை அயடீன் குறைவு இல்லை. இந்த வருத்தம் உள்ளவர் கடற்பாசிக் குளிசை, அயடீன் துளி என்று வாங்கி மேலதிகமாக எடுத்தால் நோய் கூடவும் இடமுண்டு.

இனி என் பிழையைச் சொல்கிறேன். கோதுமையையும் பாலையும் நிறுத்தினால் குளிசையே தேவையில்லை என்று ஒரு வீடியோ வந்தது. நம்பி, குளிசையை நிறுத்தினேன். முதல் மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பாணும் பிஸ்கட்டும் விட்டதில் உடம்பும் கொஞ்சம் இளைத்தது. "பார்த்தீங்களா, குளிசை இல்லாமல் நல்லாத்தானே இருக்கிறேன்" என்று நாலு பேருக்குச் சொல்லியும்விட்டேன். அந்த நாலு பேரை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகுதான் விளங்கியது. குளிசையில் இருக்கும் தைரொக்சின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை செல்லும். நிறுத்தின பிறகும் பழைய குளிசைதான் என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது, நான் அதைச் சாப்பாட்டின் வெற்றி என்று நினைத்துவிட்டேன். மூன்றாம் மாதம் வரவு கூப்பிடும்போது, தினமும் முன்வாங்கில் இருக்கிற பிள்ளையின் பெயர் வாயில் வரவில்லை. அன்று பின்னேரமே கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்தேன்.

சாப்பாடு முக்கியம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மீன், முட்டை, கீரை, பருப்பு எல்லாம் உடம்புக்கு வேண்டும். கோவாவும் மரவள்ளியும் நன்றாக அவித்து அளவாகச் சாப்பிடலாம். கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் இருப்பவர் மட்டும்தான் கோதுமையைக் கட்டாயம் விடவேண்டும். அதையும் சோதித்துப் பார்த்த பிறகு விடுங்கள். ஆனால் பழுதான சுரப்பி சுரக்காத ஓமோனை எந்தச் சாப்பாடும் தராது, குளிசைதான் தரும். அரச கிளினிக்கில் அது காசில்லாமலே கிடைக்கிறது.

அப்படியென்றால் சாப்பாட்டில் கவனிக்க வேண்டியது என்ன? நேரம். குளிசையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட்டு, அரை மணித்தியாலமாவது, முடிந்தால் ஒரு மணித்தியாலம், வேறொன்றும் வாயில் வைக்கக்கூடாது. பாலும் கோப்பியும் மருந்தை உடம்பில் சேரவிடாது. சோயா மீற்றும் அப்படித்தான், அதைப் பகல் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளுக்கு 4 மணித்தியால இடைவெளி வேண்டும்.

கர்ப்பிணிப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகளும், சோயா கலந்த திரிபோஷாவும் உங்களுக்கு வேண்டியவைதான். ஆனால் தைரொயிட் குளிசையோடு சேர்த்து எடுக்காதீர்கள். முதல் மூன்று மாதமும் வயிற்றுப் பிள்ளை தாயின் தைரொக்சினைத்தான் நம்பியிருக்கிறது. பிள்ளை தரித்தது தெரிந்த உடனேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்டவேண்டி வரும்.

நோன்பையும் விடத் தேவையில்லை. ஸஹருக்குச் சமைக்க எழும்பும்போதே குளிசையைப் போட்டால் சமைத்து முடிய நேரம் சரியாகிவிடும். இல்லையென்றால் கடைசியாகச் சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழித்து, படுக்கும்போது போடலாம். எது பொருந்தும் என்று வைத்தியரிடம் நோன்புக்கு முன்னரே கேளுங்கள். அளவு மாறினால் 6 முதல் 8 கிழமையில் திரும்ப ரத்தம் சோதிக்க வேண்டும்.

இனி வீட்டு ஆண்களுக்கும் மாமிமாருக்கும் ஒரு வார்த்தை. இந்த வருத்தம் பெண்களுக்குத்தான் கூட. காலையில் முதலில் எழும்பி, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றி, தானும் நின்ற நிலையில் ஒரு வாய் குடிக்கிறவளும் அவள்தான். குளிசை போட மறந்துபோகும், அல்லது தேத்தண்ணிக்குப் பின்னால் போகும். கலியாணம் குழம்பிவிடும் என்று ஒளித்து வைக்கச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை எப்படி நேரத்துக்குக் குளிசை போடுவாள்? "தைரொயிட் இருக்காம்" என்று குசுகுசுப்பதை முதலில் நாங்கள் நிறுத்துவோம். நேரத்துக்குக் குளிசை போட்டால் வேலைக்கும் போகலாம், பிள்ளையும் பெறலாம்.

அவளுக்குப் பத்திய உணவு வாங்கிக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை. தலைமாட்டில் குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் வையுங்கள். காலையில் முதல் தேத்தண்ணியை நீங்கள் ஊற்றுங்கள். அந்த அரை மணித்தியாலத்தை அவளுக்கு விடுங்கள்.

குளிசையை நிறுத்திவிட்டு இதை வாசிக்கிறவர் யாராவது இருந்தால், நாளைக்கே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு போங்கள். தனியே போகப் பயமென்றால் எனக்கு மெசேஜ் போடுங்கள், பள்ளிக்கூடம் விட்ட பிறகு கூட வருகிறேன்.