அன்னூரின் ஓட்டு எங்கே போகிறது?

அன்னூர் பெயரில் சட்டசபைத் தொகுதி கிடையாது. அன்னூர்வாசியின் ஓட்டு 112ஆம் எண்ணுள்ள அவினாசித் தொகுதியில் விழுகிறது. பார்லிமெண்டுக்கோ நீலகிரித் தொகுதி. பட்டாவுக்கு மனுப்போட அன்னூர்த் தாலுகா ஆபீஸ். மேல்மனுவுக்குக் கோவைக் கலெக்டர். எம்.எல்.ஏ.யின் தொகுதித் தலைமையூரான அவினாசியோ திருப்பூர் ஜில்லாவைச் சேர்ந்தது!

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? நெடுங்காலம் அன்னூர் வட்டாரம் அவினாசித் தாலுகாவில்தான் இருந்தது. 2009இல் திருப்பூர் ஜில்லா பிரிக்கப்பட்டபோது அவினாசி அங்கே போயிற்று. அன்னூர் கோவையிலேயே நின்றது. தொகுதி எல்லை மட்டும் பழைய உறவை விடவில்லை. ஜில்லாவை வெட்டியவர்களும் தொகுதியை வரைந்தவர்களும் வெவ்வேறு மேஜையில் உட்கார்ந்து கோடு போட்டார்கள். அலைவது நாம்.

அவினாசி ஒரு தனித் தொகுதி. தாழ்த்தப்பட்ட மக்கள் இங்கே திரளாக வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி அருந்ததியர். பண்ணாடியின் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள், இன்று அதே வளவுகளிலிருந்து நூல் மில்லுக்கும் விசைத்தறிக்கும் போகிறவர்கள். 2011இல் ஏ.ஏ.கருப்பசாமியும், 2016இலும் 2021இலும் ப.தனபாலும் இங்கிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அருந்ததியர் சமூகத்தில் பிறந்த தனபால் சபாநாயகர் ஆசனத்தில் அமர்ந்தார். அது சிறிய விஷயமல்ல. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொகுதி தனித் தொகுதியானதால் தோட்டமும் கிணறும் மில்லும் கைமாறிவிடவில்லை. வேட்பாளர் யார் என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. அவர் யாருடைய வீட்டு வாசலில் முதலில் கும்பிடு போடுகிறார் என்பதை நிலவுடைமை தீர்மானிக்கிறது.

தண்ணீரைப் பாருங்கள். வானம் பார்த்த பூமி இது. போர்க்குழாய்கள் ஆண்டுக்காண்டு ஆழம் போயின. அத்திக்கடவு - அவினாசித் திட்டம் வேண்டுமென்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக இம்மக்கள் கேட்டார்கள். தேர்தல்தோறும் அது வாக்குறுதியாக வந்து, ஓட்டெண்ணி முடிந்ததும் மறைந்தது. 2016இல் அவினாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17இல்தான் திட்டம் திறக்கப்பட்டது. செலவு 1,916 கோடி ரூபாய். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் கிடைக்கும் உபரி நீர் 1.5 டி.எம்.சி.யை, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்ற வேண்டும். ஆறாவது நிலையம் அன்னூரில். மக்கள் போராடிப் பெற்ற வெற்றி இது! ஆனால் குளம் நிரம்பினால் பக்கத்துத் தோட்டக் கிணறு ஊறும். கிணறே இல்லாதவனுக்கு? அவனுக்கு வேலை நாள் கூட வேண்டும், கூலி கூட வேண்டும். அதை எந்தப் பம்பும் ஏற்றித் தராது.

நிலத்தின் கதையும் இதுவே. 2021 அக்டோபரில் அன்னூர், மேட்டுப்பாளையம் தாலுகாக்களில் 3,862 ஏக்கரில் தொழிற்பூங்கா என்று அரசாணை பிறந்தது. குப்பனூர், அக்கரை செங்கப்பள்ளி, வடக்கலூர், பொகலூர் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 2022 டிசம்பரில் சர்க்கார் இறங்கி வந்தது. கம்பெனிகள் வசமுள்ள 1,630 ஏக்கரை மட்டும் எடுப்போம், விவசாயியின் சம்மதமில்லாமல் அவர் நிலத்தைத் தொடமாட்டோம் என்றது. போராட்டத்தின் பலன் அது. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அந்த 1,630 ஏக்கரிலும் ஒரு காலத்தில் களை வெட்டியவர்கள், பருத்தி எடுத்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? நிலம் விற்றவருக்குப் பத்திரம் இருந்தது, பணம் வந்தது. கூலிக்காரரிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

மில் வாசலில் இன்னொரு காட்சி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகள் நம் பக்கத்தில் நின்று நூல் நூற்கிறார்கள். அவர்களில் பலரின் ஓட்டு சொந்த ஊரில் கிடக்கிறது. ஓட்டில்லாத தொழிலாளியைத் தேடி எந்த வேட்பாளர் வருவார்? முதலாளிக்கு இது வசதி. அவர்களைக் கண்டு முகம் சுளிக்கும் நம்மூர்த் தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அவர்களைச் சங்கத்தில் சேர்க்காதவரை நம் கூலியும் ஏறாது.

ஆகவே அன்னூர்ப் பகுதி மில் தொழிலாளிகளும் கூலி விவசாயிகளும் வளவு வளவாகக் கூட வேண்டும். வீட்டுமனைப் பட்டா இல்லாத குடும்பங்கள், குறைந்தபட்சக் கூலி கிடைக்காத தோட்டங்கள், மில்கள் ஆகியவற்றின் ஜாபிதாவை நாமே தயாரிப்போம். ஒரு பிரதி தாலுகா ஆபீசுக்கு, ஒன்று எம்.எல்.ஏ.வுக்கு, ஒன்று நீலகிரி எம்.பி.க்கு. கோவைக் கலெக்டரிடமும் திருப்பூர்க் கலெக்டரிடமும் ஒரே நாளில் கொடுக்க வேண்டும். “அது எங்கள் எல்லையில் இல்லை” என்று ஒருவர் மற்றவரைக் கை காட்ட இடம் வைக்கக் கூடாது.