ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதுமா?

பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது, பையன் சாஃப்ட்வேரில் இருக்கிறான் என்றதும் நம் வீடுகளில் முகம் மலர்கிறது. அங்கே என்ன செய்கிறான் என்ற அடுத்த கேள்விக்கு "டெஸ்டிங்" என்று பதில் வந்தால் அந்த மலர்ச்சி சற்றே வாடுகிறது. எழுதுகிறவன் பெரியவன், எழுதியதைச் சரிபார்க்கிறவன் சிறியவன் என்ற எண்ணம் எப்படியோ நம்மிடையே வேரூன்றிவிட்டது. கணக்கைத் தணிக்கை செய்யும் ஆடிட்டர் வந்தால் எழுந்து நாற்காலி கொடுக்கிறோம். அந்தக் கணக்கையே போடுகிற கம்ப்யூட்டர் நிரலைத் தணிக்கை செய்பவருக்கு அந்த மரியாதை இல்லை. இது சரியல்ல என்பது என் கருத்து. இதனால் நஷ்டப்படுவது பெரிய கம்பெனிகளைக் காட்டிலும் நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள்தான் என்பதால் இந்தப் பக்கத்தில் எழுதத் துணிந்தேன்.

நான் குர்லா கிழக்கில், நேரு நகர்ப் பக்கம் பல வருடங்களாகக் குடியிருப்பவன். டேட்டாபேஸ் எனப்படும் தகவல் தளங்களைப் பராமரிப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் பிழைப்பு. எனவே கொஞ்சம் தொழில் வாசனை வீசினால் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வங்கியிலோ கடன் சங்கத்திலோ நம் வைப்புத் தொகைக்கு வட்டி கணக்கிடுவது யார்? திரையில் தெரியும் வண்ணப் பக்கம் அல்ல. பெரும்பாலான இடங்களில் தகவல் தளத்தின் உள்ளேயே குடியிருக்கும் சிறு நிரல்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றுக்கு ஸ்டோர்டு ப்ரொசீஜர் என்று பெயர். மாட்டுங்காவில் கல்யாணச் சமையலுக்கு ஆள் வைத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தலைமைச் சமையல்காரர் கையாட்களுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்: காலை டிபனுக்கு இது, மதியச் சாப்பாட்டுக்கு இது, கூட்டம் கூடிவிட்டால் உள்ளறை அலமாரியில் இருக்கும் இரண்டாவது அரிசி மூட்டையை எடுங்கள். தாளைப் படித்தால் வாக்கியங்களில் குறையேதும் இல்லை. ஆனால் அந்த அலமாரியைச் சென்ற மாதமே சத்திரக்காரர் அகற்றிவிட்டார். இது எப்போது தெரியவரும்? கூட்டம் கூடுகிற அன்றைக்கு, பந்தியில் இலை போட்ட பிறகுதான் தெரியவரும். கூட்டம் கூடாத நூறு கல்யாணங்களில் அந்தத் தாள் குற்றமற்ற தாளாகவே இருந்திருக்கும்.

இதே வேடிக்கை தகவல் தளங்களில் தினமும் நடக்கிறது. இன்று பல நிறுவனங்கள் பயன்படுத்தும் போஸ்ட்கிரெஸ் என்ற இலவசத் தகவல் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 இல் அதில் சேர்க்கப்பட்ட பி.எல்./பி.ஜி.எஸ்.க்யூ.எல். என்ற மொழியில் நீங்கள் ஒரு செயல்முறையை எழுதிச் சேமித்தால், அது இலக்கணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். நீங்கள் குறிப்பிட்ட அட்டவணை உண்மையில் இருக்கிறதா, அதில் நீங்கள் சொல்லும் பத்தி இருக்கிறதா என்று அப்போது பார்ப்பதில்லை. குறிப்பிட்ட அந்த வரி ஓடும்போதுதான் பார்க்கும். மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வரும், இல்லாத அட்டவணையின் பெயரை எழுதிக் கொடுத்தால் முகம் சுளிக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆரக்கிள் இந்த விஷயத்தில் சற்றுக் கண்டிப்பானது. சேமிக்கும்போதே பெயர்களை ஒத்துப் பார்க்கிறது. பின்னால் அட்டவணை மாறினால், அதை நம்பியிருக்கும் செயல்முறைகள் மீண்டும் சரிபார்க்கப்பட வேண்டியவை என்று குறித்து வைக்கிறது. ஆனால் கட்டளையை ஒரு வெறும் எழுத்துச் சரமாக ஒட்டி, ஓடும் நேரத்தில் கொடுத்தால் ஆரக்கிளும் ஏமாந்துவிடும்.

போஸ்ட்கிரெஸ்காரர்கள் சோம்பலால் இப்படிச் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. செயல்முறை ஓடும்போதே தற்காலிக அட்டவணைகள் உருவாவது உண்டு. முன்கூட்டிக் கண்டிப்பாகப் பார்த்தால் நல்ல நிரல்களும் திருப்பி அனுப்பப்படும். நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அங்குள்ளவர்கள் நல்லவர்கள், மென்பொருள் வேறு ஒருவரிடம் வாங்கியது. லைசென்ஸ் செலவைக் குறைப்பதற்காக ஆரக்கிளிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு மாறினார்கள். மாற்றித் தந்தவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். பணம் போடுவது, எடுப்பது, வட்டி, தவணை எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்தாயிற்று. இரண்டு வருடம் ஒரு புகாரும் இல்லை.

பிறகு உறுப்பினர் ஒருவர் காலமானார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, குர்லாவின் ஆலைகளில் உழைத்து ஓய்ந்தவர். அவர் மனைவி வைப்புத் தொகையைக் கேட்டு வந்தார். குமாஸ்தா, "உறுப்பினர் மரணம்" என்ற பட்டனை அழுத்தினார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி. இரண்டாம் முறையும் அதே செய்தி. "கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை அம்மா, அடுத்த வாரம் வாருங்கள்" என்றார்கள். அந்த அம்மாவுக்கு மராத்தியும் அரைகுறை, தமிழும் கையெழுத்துப் போடுமளவுதான். தன் காகிதத்தில்தான் ஏதோ குறை என்று எண்ணி, இறப்புச் சான்றிதழை மறுபடி நகல் எடுக்கவும் நோட்டரியிடம் போகவுமாக ஐந்தாறு வாரம் அலைந்தார். சங்கத்தார் கடைசியில் என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். வாரிசின் பெயர் இருக்கும் பத்திக்கு, இடமாற்றத்தின்போது வேறு பெயர் வைத்திருந்தார்கள். மற்ற செயல்முறைகளில் மாற்றியவர்கள், மரணத்துக்கான கிளையில் மாற்றவில்லை. இரண்டு வருடமும் அந்த வரி ஒருமுறைகூட ஓடவில்லை. ஆகவே யாருக்கும் தெரியவில்லை.

நிரலை ஓட்டாமலேயே, வரி வரியாக, எல்லாக் கிளைகளிலும் புகுந்து பார்க்கும் கருவிகள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஸ்டேட்டிக் செக்கிங் என்பார்கள்; ஓடா நிலைச் சோதனை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். போஸ்ட்கிரெஸுக்கு, செக் நாட்டவரான பாவெல் ஸ்டேஹுலே எழுதிய பி.எல்.பி.ஜி.எஸ்.க்யூ.எல். செக் என்ற கருவி இலவசமாகவே கிடைக்கிறது. இல்லாத பத்தி, பொருந்தாத தகவல் வகை, எவரும் எட்ட முடியாத வரிகள், மதிப்பைத் திருப்பித் தராமல் முடியும் பாதை ஆகியவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். அந்தச் சங்கத்தின் செயல்முறைகள் மீது அதை ஓடவிட்டபோது, வாரிசுப் பத்தியின் பிழை பட்டியலில் இருந்தது. ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்த அம்மா ஐந்தாறு வாரம் அலைந்தது இதற்குத்தான்.

என் வாதம் இவ்வளவுதான். ஓட்டிப் பார்க்கும் சோதனை, பலரும் நடக்கும் பாதையைத்தான் பார்க்கிறது. அரிதான பாதையில் நிற்பவர் யார்? கணவனை இழந்தவர், மைனர் பிள்ளையை வாரிசாகப் போட்டவர், கடனை இடையில் மொத்தமாக அடைக்க வந்தவர், ஊருக்கே திரும்பிப் போகிறேன் கணக்கை முடித்துக் கொடுங்கள் என்பவர். இடம் பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இந்த வகையினர் எத்தனை பேர் என்று வாசகர்கள் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

நம் பெயரே கம்ப்யூட்டருக்கு ஓர் அரிதான பாதைதான். இங்கே எந்தப் படிவத்திலும் தன் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். நமக்கோ குடும்பப் பெயர் இல்லை. முன்னால் ஓர் எழுத்து, அவ்வளவே. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கும்போது அந்த மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதுவதென்று தவிக்காத தமிழ்க் குடும்பம் மும்பையில் இருக்க முடியாது. சிலர் ஊர்ப் பெயரை எழுதினார்கள், சிலர் தாத்தா பெயரை. சிலர் விட்டுவிட்டார்கள். அந்தக் கடன் சங்கத்தில் விட்டுவிட்டவர்களுக்கு இன்னொரு வேடிக்கை காத்திருந்தது. ஆரக்கிளில், பெயருடன் ஒன்றுமில்லாத ஒரு கட்டத்தை ஒட்டினால் பெயர் அப்படியே நிற்கும். போஸ்ட்கிரெஸில் அதே வரியை எழுதினால், வெற்றுக் கட்டம் முழுப் பெயரையும் விழுங்கிவிடும், விடை வெறுமை. பிழைச் செய்தி எதுவும் வராது. ஈவுத்தொகைப் பட்டியலில் ஷிண்டேயும் பட்டேலும் ஒழுங்காக இருக்க, நம்மவர் சிலரின் எதிரே தொகை மட்டும் இருந்தது, பெயர் இல்லை. சோதனைக்காகப் பதிவு செய்த மாதிரிப் பெயர்கள் எல்லாம் மூன்று கட்டமும் நிரம்பிய பெயர்களாக இருந்திருக்கின்றன!

இந்த இரண்டாவது பிழையை நான் சொன்ன கருவி கண்டுபிடிக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதன் பார்வையில் அது பிழையே அல்ல. மொழியின் விதிப்படி சரியான வரி. வெறுமையாக இருக்க அனுமதியுள்ள பத்திகளைப் பாதுகாப்பின்றி ஒட்டும் இடங்களையெல்லாம் தேடிக் காட்டும்படி நாமே தனியாக ஒரு விதி எழுதித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த விதியை எழுத, குடும்பப் பெயர் இல்லாத மனிதர்கள் உலகில் உண்டு என்று தெரிந்த ஒருவர் வேண்டும். நம் பிள்ளைகள் அந்த நாற்காலியில் உட்கார்வதை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாப் பிழைகளையும் பிடிக்கும் கருவி ஒருநாளும் வராது. எந்த நிரலையும் படித்துப் பார்த்து அது ஓடி நிற்குமா நிற்காதா என்று தவறாமல் சொல்லும் பொதுவழி இருக்க முடியாதென்று ஆலன் டூரிங் 1936 இலேயே நிறுவிவிட்டார். போதாக்குறைக்கு இக்கருவிகள் வீண் கூச்சலும் போடும். குர்லா ஸ்டேஷனில் ஒலிபெருக்கி சொல்வதையெல்லாம் நம்பிப் பிளாட்பாரம் மாறி மாறி ஓடியவர்களுக்கு இதன் சிரமம் புரியும். நூறு எச்சரிக்கைகளில் பாதி தேவையற்றது என்றால் இளைஞர்கள் பொறுமையிழந்து அதை அணைத்துவிடுகிறார்கள். அணைக்கக் கூடாது. தேவையற்றவற்றை ஒருமுறை உட்கார்ந்து களைந்துவிட்டால், பிறகு வருகிற ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் பொருள் உண்டு.

இது புது வித்தையும் அல்ல. சி மொழி நிரல்களில் சந்தேகமான வரிகளைக் காட்டும் லிண்ட் என்ற கருவியை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீஃபன் ஜான்சன் 1978 இல் எழுதினார். நமக்குப் பக்கத்தில் புனேயில், 1981 இல் தொடங்கிய டாடா ஆராய்ச்சி மையத்திலும் நிரலை ஓட்டாமல் ஆராயும் கருவிகளை உருவாக்கியிருக்கிறார்கள். 1998, 1999 இல் நம் பையன்கள் இரவு பகலாகப் பழைய கோபால் நிரல்களில் இரண்டு இலக்க வருடங்களைத் தேடினார்களே, அதுவும் இதே வேலைதான். 2000 பிறக்கும்வரை காத்திருந்து ஓட்டிப் பார்க்க முடியாது என்பதால் படித்துப் பார்த்தார்கள். அப்போது அந்த வேலைக்கு மதிப்பு இருந்தது.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே அஞ்சலகக் கிளைகளில் வைத்த ஹொரைசன் என்ற கணக்கு முறை, இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட கிளை அஞ்சலகக்காரர்கள் திருட்டு, மோசடி என்று தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. அந்த நிரலில் பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024 இல் தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று. அங்கே பிழை இருந்த இடம் வேறு, நான் பேசும் இடம் வேறு. ஆனால் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவர்தான் தவறு செய்திருப்பார் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் ஒன்றே.

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் நம்மவர் நடத்தும் கடன் சங்கங்கள், பள்ளிகள், அறக்கட்டளைகள் இன்று கணக்கை மென்பொருளில்தான் வைத்திருக்கின்றன. நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள் கட்டடத்துக்கு வர்ணம் அடித்தால் ஏணி போட்டு மேல் மூலை வரை பார்க்கிறார்கள். மென்பொருள் என்றால் திரை அழகாக இருக்கிறதா என்பதோடு சரி. விற்பவரிடம், தகவல் தளத்துக்குள் இருக்கும் செயல்முறைகள் அனைத்தையும் ஓடா நிலைச் சோதனைக்கு உட்படுத்தினீர்களா, அதன் அறிக்கை எங்கே என்று கேட்க வேண்டும். அட்டவணையில் ஒரு பத்தியை மாற்றினாலும் சோதனையை மறுபடி செய்வீர்களா என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். மாதிரிப் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லாதவர் ஒருவரையாவது சேர்க்கச் சொல்ல வேண்டும். கேட்பவர் கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆடிட்டரிடம் கேள்வி கேட்க நாம் சி.ஏ. படித்துவிட்டா போகிறோம்?

மகாராஷ்டிரத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தைச் செப்டம்பர் முடிவதற்குள் நடத்தியாக வேண்டும். மென்பொருள் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றிய தீர்மானம் பெரும்பாலும் பட்டியலின் கடைசியில், டிபன் பொட்டலம் கைக்கு வரும் நேரத்தில் வரும். அந்த நேரத்தில் எழுந்து நின்று அறிக்கையைக் கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் வைத்திருப்பவர்கள், கருவி வாங்கப் பணமில்லை என்று காரணம் சொல்ல முடியாது.