கணக்கு மட்டும் போதுமா?

மலைநாட்டு அருவிகளில் மின்வலு உண்டென்று நாட்டுக்கு எடுத்துரைத்தவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918ஆம் ஆண்டில் எந்திரியர் சங்கத்தின் முன் அவர் வாசித்த கட்டுரை, நீரின் வேகத்தை மட்டும் அளந்ததன்று. நீர்வலுவின் பொருளாதாரத்தையும் ஆராய்ந்தது. 1931இல் அரசாங்க சபைக்கே தெரிவாகி, அங்கும் அதற்காக வாதாடினார். இலக்சபானா மின்நிலையம் இயங்கியது 1950இலேதான். நல்ல பொறியியலாளன் அளவுகோலோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அப்பரந்த நோக்கு இல்லாவிடின் விளைவது யாது? 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மண்ணின் கணக்குப் பிழைக்கவில்லை. மனிதரின் கணக்கே பார்க்கப்படவில்லை! காணியோ தொழிலாளிக்குச் சொந்தமன்று. குடியிருக்கும் லயமோ தோட்டத்தினுடையது. மாற்று நிலமும் வீடும் கொடாமல் "வெளியேறுக" என்றால், அவன் எங்கே செல்வான்?

2025 நவம்பரில் டித்வா புயல் நுவரெலியா மாவட்டத்திலும் உயிர்களைப் பறித்தபோது, அதே வினா மீண்டும் எழுந்தது.

பாடச்சுமை ஏற்கெனவே பெரிது, முதலில் கணிதம் தேறட்டும் என்பர் சிலர். கணிதத்தைக் குறைக்குமாறு யாம் கேட்கவில்லை. பாலம் விழாதிருக்கக் கணிதம் வேண்டும். அப்பாலம் யாருக்காக, எங்கே வேண்டும் என்றறிய வரலாறும் சட்டமும் பொருளியலும் மக்கள் மொழியும் வேண்டும். ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் இரண்டும் வீணே.

1950இல் கொழும்பில் தோன்றிய பொறியியற் பீடம் 1964இல் பேராதனைக்குப் பெயர்ந்தது. தேயிலை மலைகள் அதற்குத் தொலைவில் இல்லை. அங்கே பயிலும் ஒவ்வொரு மாணவனும் ஒரு தவணையேனும் ஹற்றனிலோ தலவாக்கலையிலோ தோட்ட மக்களிடையே தங்கிப் பயிலட்டும். வடிகான் எங்கே அடைபடுகிறது, சுவர் எப்போது வெடித்தது என்பதை அங்கு வாழும் தாய்மாரிடம் கேட்டறியட்டும். காணிச் சட்டத்தைக் கற்கட்டும். தான் எழுதும் எச்சரிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் விளக்கிக் கூறும் தகுதி பெற்ற பின்னரே பட்டம் பெறட்டும்.

தொழில் வல்லோரே, உழவர் பெருமக்களே! உங்கள் பிள்ளைகள் பொறியியல் பயில விரும்பினால் மகிழ்ந்து அனுப்புங்கள். ஆனால், மலையை அளக்குமுன் மலையில் வாழ்பவனை அறிந்துகொள்ளுமாறு சொல்லி அனுப்புங்கள்.