'சென்ட்' என்று காட்டினால் போய்விட்டதா?

எங்கள் பாடசாலைப் பிள்ளையொன்றின் புலமைப்பரிசில் விண்ணப்பத்தை வியாழக்கிழமை மின்னஞ்சலில் அனுப்பினேன். கடைசித் திகதி வெள்ளி. திங்கட்கிழமை அந்தப் பிள்ளையின் உம்மா ஒபிஸ் வாசலில் வந்து நின்றார். அங்கே கோல் எடுத்துக் கேட்டாராம், வரவே இல்லை என்றார்களாம். "சேர், நீங்க அனுப்பினீங்கதானே?" 'சென்ட்' என்று கிடந்த ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அங்க இருக்கிறவங்க மெயில் பார்க்கிறதில்ல." நானும் தலையாட்டினேன். இரவுதான் பழைய மாணவர்கள் வாடகைக்கு எடுத்துத் தந்த எங்கள் சேர்வருக்குள் போய் 'மெயில்க்யூ' என்று அடித்துப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் மெயில்கள் வரிசையில் நிற்கின்றன. முக்கால்வாசி நாங்கள் எழுதாதவை. அவற்றுக்கு நடுவில் அந்தப் பிள்ளையின் விண்ணப்பம்.

நடந்தது இதுதான். எங்கள் ஆசிரியர் ஒருவரின் பாஸ்வேர்ட் பாடசாலையின் பெயரும் 123உம். யாரோ அதைப் பிடித்து எங்கள் சேர்வர் வழியாக ஸ்பேம் அனுப்பியிருக்கிறான். ஐபி முகவரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. அந்த ஆசிரியரை நான் குறை சொல்லமாட்டேன். அப்படியொரு பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்ட சேர்வர் என் பொறுப்பில் இருந்தது.

பட்டியல் வைத்திருப்பவர்களைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்பாம்ஹவுஸ் போன்றவை 1998 முதல் இந்த வேலையைச் செய்கின்றன. நீக்கக் கேட்பதற்குக் காசும் வாங்குவதில்லை. (காசு கேட்கும் பட்டியல்களும் உண்டு, அது வேறு கதை.) நம் வீட்டுக் குப்பை அடுத்தவர் வளவில் விழுந்தால் அவர் கதவை மூடத்தான் செய்வார்.

என் கோபம் வேறொன்றில். எதிர்ப்பக்கச் சேர்வர் 550 என்று முகத்தில் அறைந்தாற்போல் மறுத்திருந்தால் மெயில் அன்றே திரும்பி வந்திருக்கும். வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். ஆனால் அது 421 என்றது. 4இல் தொடங்கினால் 'இப்போது முடியாது, பிறகு வா' என்று அர்த்தம். நம் சேர்வரும் நல்ல பிள்ளையாகத் திரும்பத் திரும்பப் போய்த் தட்டிக்கொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸ் சாதாரண அமைப்பில் ஐந்து நாள் வரை அப்படி முயற்சிக்கும். அனுப்பியவருக்கு அதுவரை ஒரு வார்த்தை சொல்லாது. தாமத எச்சரிக்கை என்றொரு வசதி அதில் இருக்கிறது; ஆனால் வரும்போதே பூச்சியத்தில், அதாவது அணைத்துத்தான், வருகிறது. நான் அதைத் தொட்டதே இல்லை.

இந்த நிலை வந்தால் பலர் முதலில் ஓடுவது பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லிப் படிவம் நிரப்பத்தான். மறுநாளே திரும்ப ஏறும். முதலில் லொக்கைப் பாருங்கள். எந்தக் கணக்கின் பெயரில் இவ்வளவு மெயில் போகிறது என்று அதில் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றி, வரிசையில் நிற்கும் குப்பையை அழித்த பிறகுதான் நீக்கச் சொல்ல வேண்டும். அப்படியே எஸ்பிஎஃப், டிகேஐஎம், ஐபியிலிருந்து பெயரைச் சொல்லும் பிடிஆர் பதிவு மூன்றும் சரியா என்று பாருங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் கண்டிப்பு. எங்களுக்குப் பிடிஆர் இருக்கவே இல்லை!

லொக்கை வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க ஆளில்லாத பாடசாலை சொந்தச் சேர்வர் வைத்திருக்கக் கூடாது என்பதே இப்போது என் எண்ணம். பெருமைக்கு வைத்தால் பிள்ளைகள்தான் விலை கொடுக்கிறார்கள்.

விண்ணப்பம் செவ்வாய் காலை போய்ச் சேர்ந்தது. இன்னும் சில மணித்தியாலம் விட்டிருந்தால் ஐந்து நாள் முடிந்து திரும்பியிருக்கும். வியாழக்கிழமையே முதல் முயற்சி நடந்ததைக் காட்டும் லொக் வரிகளை அச்சடித்து, அதிபரின் கடிதத்தோடு நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிழை எங்கள் பக்கம் என்று அந்த உம்மாவிடமும் சொல்லிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

தாமத எச்சரிக்கையை ஒரு மணித்தியாலத்துக்கு வைத்திருக்கிறேன். வேறு பாடசாலைகளில் சேர்வர் பார்க்கும் சகோதர சகோதரிகள் உங்களுடையது இன்னும் பூச்சியத்தில்தானா என்று இன்றிரவே பார்த்துவிட்டுக் கொமெண்டில் சொல்லுங்கள். எப்படி மாற்றுவது என்று தெரியாவிட்டால் இன்பொக்ஸ் வாருங்கள்.