கேசட் அலமாரியைக் காலி பண்றதுக்கு முன்னாடி

கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிஞ்சு, சாப்பிட்டு, நிதானமா உட்கார்ந்து படிங்க.

போன மாசம் எங்க கோயில் நிர்வாகக் கூட்டத்துல ஒரு பேச்சு வந்துச்சு. ஸ்டோர் ரூம் அலமாரியில இருக்கிற பழைய கேசட், சிடி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுடலாம், ஒரு பாட்டுச் செயலிக்கு மாசச் சந்தா கட்டி, கைப்பேசியை ஆம்ப்ளிஃபையர்ல செருகினா வேலை முடிஞ்சதுன்னு இளைஞர் பிரிவு தம்பிங்க சொன்னாங்க. அவங்க எண்ணத்துல தப்பு இல்ல. அறை சுத்தமாகும், இடமும் மிச்சம். ஆனா நான் ஒத்துக்கல. கூட்டத்துல அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்க முடியாததை இங்க எழுதுறேன்.

நான் எஸ்.பி.எம். வரைக்கும் படிச்சவன். ஃபேக்டரி சூப்பர்வைசர். சவுண்ட் இன்ஜினியர் இல்ல. ஆனா வாக்மேன் காலத்துல இருந்து எனக்குப் பாட்டுப் பெட்டி பைத்தியம். கம்ப்யூட்டர்ல வின்ஆம்ப் கேட்டு வளர்ந்து, இப்ப ஃபூபார்2000 வரைக்கும் வந்திருக்கேன். கோயில் ஒலிபெருக்கி பொறுப்பும் பல வருஷமா என் கையிலதான் இருக்கு.

முதல்ல செயலியோட நல்லதைச் சொல்லிடறேன். வீட்டுல நானும் அதுலதான் பாதி நேரம் கேட்கிறேன். சீர்காழி கோவிந்தராஜன் பாடின ஒரு பழைய பாட்டைத் தேடணும்னா முந்தி கடை கடையா ஏறி இறங்கணும். இப்ப ரெண்டு நிமிஷம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனா செயலிங்கிறது வாடகை வீடு. நம்ம இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியாது. இலவசக் கணக்குல ஓட்டினா அபிஷேகத்துக்கு நடுவுல விளம்பரம் வரும். ஒரு கோயில்ல பால் ஊத்திக்கிட்டு இருக்கும்போது பொரிச்ச கோழி விளம்பரம் ஸ்பீக்கர்ல வந்ததை என் காதால கேட்டேன். சந்தா கட்டினா விளம்பரம் போயிடும், சரி. ஆனா ஸ்பாட்டிஃபையில டவுன்லோட் பண்ணி வச்ச பாட்டுகூட, 30 நாளைக்கு ஒரு தடவையாவது இணையத்துல சேர்ந்தாத்தான் நிலைக்கும். சந்தா நின்னா அதுவும் போச்சு.

வீட்டுக்காரர் மனசு மாறினா நம்ம கையில ஒண்ணும் இல்ல. 2023 மார்ச்சுல ஸ்பாட்டிஃபைக்கும் இந்தியாவோட ஜீ மியூசிக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் ஒத்து வரல. அந்தக் கம்பெனி பாட்டெல்லாம் செயலியை விட்டுப் போயிடுச்சு. காசு கட்டிக் கேட்டவங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கல. "நம்மளே இணையத்துல ஏத்தி வச்சிட்டா பத்திரம்தானே அங்கிள்"னு ஒரு தம்பி கேட்டார். மைஸ்பேஸ்னு ஒரு தளம் இருந்துச்சு. 2003ல இருந்து 2015 வரைக்கும் ஜனங்க ஏத்தின பாட்டு, 5 கோடிக்கு மேல, சர்வர் மாத்தும்போது அழிஞ்சு போச்சுன்னு 2019ல தெரிய வந்தது. சொந்தமா ஒரு பிரதி வச்சுக்காதவங்களுக்கு அது போனது போனதுதான்.

இப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு கதை சொல்றேன். சிங்கப்பூர்ல சிம் வோங் ஹூன்னு ஒருத்தர் 1981ல கிரியேட்டிவ் கம்பெனியை ஆரம்பிச்சார். நம்ம பழைய கம்ப்யூட்டர்ல போட்ட சவுண்ட் பிளாஸ்டர் அட்டை அவங்களோடதுதான். 2000ல நோமாட் ஜூக்பாக்ஸ்னு ஒரு பிளேயர் விட்டாங்க. 6 ஜிபி ஹார்ட் டிஸ்க், சிடி வாக்மேன் அளவு உடம்பு. ஆப்பிளோட முதல் ஐபாட் வந்தது அதுக்கு அடுத்த வருஷம், 2001 அக்டோபர்ல, 5 ஜிபியோட. ஐபாட் சட்டைப் பையில அடங்குச்சு, ஓட்டுறதும் சுலபம். சந்தை ஆப்பிள் பக்கம் போயிடுச்சு.

கதை அங்க முடியல. பாட்டோட சேர்த்து எழுதி வச்ச விவரத்தைப் படிச்சு, பாடகர், ஆல்பம், பாட்டுன்னு தானா வகை பிரிச்சு அடுக்குற முறைக்கு கிரியேட்டிவ் 2005ல காப்புரிமை வாங்கிச்சு. அடுத்த வருஷம் ஆப்பிள் மேல வழக்குப் போட்டாங்க. 2006 ஆகஸ்ட்ல ஆப்பிள் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து சமாதானம் ஆச்சு. அவ்வளவு பெரிய தொகை ஒலித் தரத்துக்காகக் கொடுத்தது இல்ல. பாட்டை அடுக்குற முறைக்காகக் கொடுத்தது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில காலமானார். எனக்கு அவர் மேல எப்பவும் ஒரு மரியாதை உண்டு.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க அலமாரியில குறையே அதுதான். பாட்டு இருக்கு, விவரம் இல்ல.

அந்த அலமாரியில பாதி கடையில வாங்கின கேசட். எல்.ஆர். ஈஸ்வரி அம்மன் பாட்டு, வீரமணி ஐயப்பன் பாட்டு. அதெல்லாம் செயலியில இதைவிட நல்லா இருக்கு. தாராளமா தூக்கிப் போடுங்க, நான் தடுக்க மாட்டேன். மீதிப் பாதிதான் என் கவலை. தோட்டத்துத் திருவிழாவுல யாரோ டேப் ரெக்கார்டரை வச்சுப் பதிஞ்சது. வெள்ளிக்கிழமை பஜனை. தேவார வகுப்புப் பிள்ளைங்க. உறுமி மேளம். கரகம் பாலிக்கும்போது கிழவிங்க பாடின பாட்டு. அந்தத் தோட்டம் இப்ப வீடமைப்புப் பகுதி ஆயிடுச்சு. பாடினவங்கள்ல பல பேர் இல்ல. உலகத்துல எந்தச் செயலியிலயும் இந்தக் குரல் கிடைக்காது.

கேசட் அட்டையில "திருவிழா 2ஆம் நாள்"னு மட்டும் எழுதியிருக்கு. யார் பாடினது, எந்த வருஷம், ஒண்ணும் இல்ல.

அதனால என் யோசனை இது. தொழிற்சாலைக்காரன் மாதிரி வரிசையா சொல்றேன்.

ஒண்ணு, பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துல டேப் சுருள்ல வெள்ளையாப் படியும். அப்படி இருக்கிற கேசட்டை அப்படியே மிஷின்ல போடாதீங்க. மிஷின்ல ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைத் தனியா வச்சிடுங்க, சுத்தம் பண்ணத் தெரிஞ்சவங்க பார்க்கட்டும். நல்ல கேசட் ஓட்டுறதுக்கு முன்னாடியும் டேப் ஹெட்டை ஆல்கஹால் தொட்ட பஞ்சால துடைக்கணும்.

ரெண்டு, பதிவு. ஒரு நல்ல கேசட் டெக், ஒரு வயர், ஒரு கம்ப்யூட்டர், ஆடாசிட்டி மென்பொருள் போதும். ஆடாசிட்டி இலவசம். சத்தம் ஏறும்போது முள் சிவப்பைத் தொடாம வச்சுக்கணும். தொட்டுட்டா அந்த இடம் கிழிஞ்ச மாதிரி ஆயிடும், அப்புறம் சரி பண்ண முடியாது. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி இல்ல.

மூணு, சேமிப்பு. மூலப் பிரதியை ஃப்ளாக் வடிவத்துல வைங்க. எம்பி3, காதுக்குப் பெரிசா தெரியாதுன்னு கணக்குப் போட்டு ஒலியில கொஞ்சத்தைக் கழிச்சிடும். கழிச்சது திரும்பி வராது. ரொம்பக் குறைச்சுப் பண்ணினா ஜால்ரா சத்தம் தண்ணி கொப்புளிக்கிற மாதிரி கேட்கும். ஃப்ளாக் எதையும் கழிக்காம இடத்தை மட்டும் சுருக்கும். 64 ஜிபி அட்டையில ஒரு மணி நேரக் கேசட் நூறுக்கு மேல அடங்கும். தினசரி ஓட்டுறதுக்கு அதுல இருந்து எம்பி3 எடுத்துக்கலாம். மூலம் மூணு இடத்துல இருக்கட்டும். அதுல ஒண்ணு கோயிலுக்கு வெளியில.

நாலு, பேர். எம்பி3டேக்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு. அதுல பாடினவர், வருஷம், இடம் எல்லாம் தமிழ்லயே எழுதலாம். கோப்புப் பேர் 01, 02னு எண்ணோட ஆரம்பிக்கட்டும். மலிவான யூஎஸ்பி பிளேயர் பல, பேர் வரிசையைப் பார்க்காது, எந்த வரிசையில காப்பி பண்ணினோமோ அப்படித்தான் பாடும். அதனால ஒவ்வொண்ணா, வரிசையா காப்பி பண்ணுங்க. காலையில சுப்ரபாதத்துக்குப் பதிலா மங்களம் பாடுதேன்னு பிளேயரைத் திட்ட வேண்டாம்.

அஞ்சு, சத்த அளவு. ஒரு பாட்டு முணுமுணுக்கும், அடுத்தது ஊரை எழுப்பும். ஃபூபார்ல ரீப்ளேகெய்ன் போட்டா எல்லாம் சமமா வரும். பக்கத்து வீட்டுக்காரங்க புகாரும் குறையும்.

பிளேயருக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்? இங்க நான் ஆர்வலர் நண்பர்களோட சண்டை போடுவேன். ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு பிளேயர் விக்கிறாங்க. ஹெட்போன்ல தனியா உட்கார்ந்து கேட்கிறவங்களுக்கு அது சரி. குழாய் ஸ்பீக்கர்ல, மணிச் சத்தத்துக்கும் குழந்தைங்க சத்தத்துக்கும் நடுவுல, அந்த வித்தியாசம் யாருக்கும் கேட்காது. யாராவது ஒதுக்கி வச்ச பழைய கைப்பேசியை சிம் எடுத்துட்டு, ஃப்ளைட் மோடுல போட்டு, விஎல்சி ஏத்தினா போதும். நடுவுல போன் அடிக்காது, விளம்பரம் வராது, லைன் போனாலும் பாட்டு நிக்காது. மிச்சப் பணத்தை நல்ல கேசட் டெக் வாங்கப் போடுங்க. இப்ப அதுதான் கிடைக்கிறது கஷ்டம்.

"இவ்வளவு வேலையை யார் பார்க்கிறது?"ன்னு கேட்பீங்க. பதிவு பண்ற வேலையை நான் பார்க்கிறேன், ஓய்வு நாள்ல ரெண்டு கேசட். டைப் பண்ணத் தெரிஞ்ச தம்பி தங்கச்சிங்க ரெண்டு பேர் வந்தா போதும். ஆனா ஒரு வேலையை எங்களால செய்ய முடியாது. அந்தக் குரல் யாருதுன்னு சொல்றது. அது எங்க பாட்டிங்களுக்கும், பழைய பஜனைக் குழு அண்ணன்மாருக்கும்தான் தெரியும். எழுபது, எண்பது வயசு ஆகுது அவங்களுக்கு.

அதனால நிர்வாகத்துக்கு என் வேண்டுகோள்: அலமாரியை ஆறு மாசம் தொடாதீங்க. பதிவு ஆரம்பிச்சதும் ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கு அப்புறம் மண்டபத்துல ஒரு ஸ்பீக்கர் வைக்கிறேன். வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வாங்க. ஒரு டீ குடிச்சிட்டு கேட்கட்டும், யார் குரல்னு சொல்லட்டும், நாங்க எழுதிக்கிறோம். வீட்டுல இந்த மாதிரி பழைய கேசட் இருந்தாலும் கொண்டு வாங்க. பதிஞ்சுட்டு பத்திரமா திருப்பித் தர்றேன்.

மத்த ஊர்க் கோயில்ல எப்படிப் பண்றீங்கன்னு கீழே எழுதுங்க. மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஓம் சக்தி.